ஏ கிளாரினெட் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பள்ளி பேண்டு குழுவில் கிளாரினெட் ஊதிப் பழகிய நம் பிள்ளைகள் சிலர், ஐந்தாம் படிவம் முடிந்ததும் இசையிலேயே மேற்படிப்பைத் தொடர விரும்புகிறார்கள். இளையோர் சிம்பொனி இசைக்குழுத் தேர்வுக்கும் செல்கிறார்கள். அப்போது ஆசிரியர், “ஏ கிளாரினெட் ஒன்று வேண்டும்” என்கிறார். பெற்றோருக்குக் குழப்பம். வீட்டில்தான் ஒரு கிளாரினெட் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

நியாயமான கேள்விதான். விலையும் சிறிதல்ல. சீட்டு எடுத்த பணத்தையோ சேமிப்பையோ கொடுக்கும் முன், இது எதற்கு, எப்போது தேவை, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆறரைக் கட்டையும் ஆறு கட்டையும்

பள்ளியில் பிள்ளைகள் ஊதுவது பி-பிளாட் கிளாரினெட். நம் கட்டைக் கணக்கில் சொன்னால் அது ஆறரைக் கட்டை. ஏ கிளாரினெட் ஆறு கட்டை, அதாவது அரைக் கட்டை தாழ்வு. விரல் வைக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான். குழல் மட்டும் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம் கூடும்.

பேண்டு குழுவில் பெரும்பாலும் காற்றுக் கருவிகள்தான். அவற்றுக்குப் பி-பிளாட் வசதி. சிம்பொனி இசைக்குழுவிலோ வயலின் குடும்பமே மையம். அந்தக் கருவிகளுக்கு எளிதாக வரும் சுருதிகள் பி-பிளாட் கிளாரினெட்டுக்குச் சிக்கலாகிவிடும். குழு ‘ஈ மேஜர்’ சுருதியில் வாசித்தால், பி-பிளாட் வாசிப்பவரின் தாளில் ஆறு ஷார்ப் குறிகள் இருக்கும். ஏ கிளாரினெட்டில் ஒன்றே ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏ கிளாரினெட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சாதாரணப் பி-பிளாட்டில் கிடையாது. மற்றவற்றை மனத்துக்குள்ளேயே மாற்றி வாசித்துச் சமாளிக்கலாம். அந்த ஒரு ஸ்வரத்துக்கு வழியில்லை.

மொசார்ட் 1791-இல் எழுதிய கிளாரினெட் கான்செர்ட்டோ, பிராம்ஸ் 1891-இல் எழுதிய கிளாரினெட் குவின்டெட், சாய்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனி, ராக்மனினோவின் இரண்டாம் சிம்பொனியில் வரும் புகழ்பெற்ற தனி வாசிப்பு எல்லாமே ஏ கிளாரினெட்டுக்கானவை. இசைக்குழுத் தேர்வுகளில் மொசார்ட் கான்செர்ட்டோவை வாசிக்கச் சொல்வது உலகெங்கும் வழக்கம்.

இப்போதே வாங்க வேண்டுமா?

பிள்ளை பள்ளி பேண்டில் மட்டும் வாசிக்கிறதென்றால் வேண்டாம். தொடக்க நிலை, நடுநிலைத் தேர்வுகளுக்கும் பி-பிளாட்டே போதும். அந்தப் பணத்தில் நல்ல ஊதுமுனை ஒன்று வாங்கி, ஆசிரியரிடம் கூடுதலாகச் சில மாதங்கள் பாடம் எடுப்பது அதிகப் பயன் தரும்.

சிம்பொனி குழுவில் இடம் கிடைத்தவர்களுக்கும் இசைப் பட்டப்படிப்பில் சேர்பவர்களுக்கும்தான் இது தேவை. அவர்களும் முதலில் கல்லூரியிடமோ குழுவிடமோ இரவல் கருவி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஏ கிளாரினெட்டைத் தினமும் ஊதுவதில்லை. அதனால் பலரிடம் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஆசிரியருக்குத் தெரிந்த மூத்த வாசிப்பாளர் ஒருவர் வாடகைக்குக் கொடுக்கவும் கூடும்.

மலிவு என்றால் எது?

இங்கேதான் சிக்கல். பி-பிளாட்டில் பிளாஸ்டிக்கில் செய்த மாணவர் கருவிகள் ஏராளம். ஏ கிளாரினெட் வாங்குவோர் குறைவு என்பதால், பெரிய நிறுவனங்கள் அதைப் பெரும்பாலும் உயர்தர மரத்தில்தான் செய்கின்றன. 1955-இல் அறிமுகமான பஃபே ஆர்-13 வரிசையின் ஏ கிளாரினெட், புதிதாக வாங்கினால் 5,000 அமெரிக்க டாலரைத் தாண்டும்.

சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பஃபே, செல்மர், லெப்லாங்க், யமாஹா போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் பழைய கருவியைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவது. மற்றொன்று, கடின ரப்பரில் செய்த புதிய கருவி. அமெரிக்காவின் ரைடனவர் இதற்குப் பெயர் பெற்றது. ரப்பர் என்றதும் தரக்குறைவு என எண்ண வேண்டாம். அதன் சுருதி நன்றாகவே இருக்கும், மரத்தைப்போல வெடிக்காது. ஏர்கண்டிஷன் மண்டபத்துக்கும் வெளியே உள்ள புழுக்கத்துக்கும் மாறி மாறிப் போகும் நம் நாட்டில் அது ஒரு பெரிய நிம்மதி.

இணையத்தில் பெயர் தெரியாத நிறுவனத்தின் கருவி மிக மலிவாகக் கிடைத்தால் ஒதுங்கிவிடுங்கள். சாவி வளைந்தால் பழுதுபார்ப்பவரே கையில் எடுக்கத் தயங்குவார்.

ஏமாறாமல் இருக்க

விளம்பரத்தில் ‘ஏ’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. குழலில் அந்த எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலுள்ள பி-பிளாட்டைப் பக்கத்தில் நிறுத்தி நீளத்தையும் ஒப்பிடுங்கள்.

மிகப் பழைய கருவிகளில் ‘எச்.பி.’ என்ற எழுத்துகள் இருந்தால் வாங்காதீர்கள். அது அந்தக் காலத்து உயர் சுருதிக் கருவி. இன்றைய 440 அளவுக்குப் பதிலாக 452 முதல் 457 வரை ஒலிக்கும். எந்தக் குழுவோடும் சேராது, சரிசெய்யவும் முடியாது.

ஜெர்மனி பக்கமிருந்து மலிவாக வருபவை சில சமயம் ஓலர் முறைக் கருவிகளாக இருக்கும். நம் பிள்ளைகள் படிப்பது போம் முறை. விரல் வைப்பே வேறு என்பதால் அதுவும் வீண்.

நேரில் பார்க்கும்போது பிள்ளை தன்னுடைய ஊதுமுனையையும் டியூனரையும் எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டு கிளாரினெட்டுக்கும் ஒரே ஊதுமுனைதான். கச்சேரி நடுவே கருவி மாற்றும்போது அதைக் கழற்றி மற்றதில் பொருத்துவார்கள். ஆகவே அது புதிய கருவியில் ஆடாமல், இறுக்கிப் பிடிக்காமல் பொருந்த வேண்டும்.

அடுத்து, மேல் துண்டைத் தனியாகக் கழற்றுங்கள். துளைகளை விரல்களால் மூடி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் வாய்வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். பிடிப்பு சில நொடிகளாவது நிற்க வேண்டும். உடனே விட்டுப்போனால் எங்கோ ஒழுகல் இருக்கிறது. பேட் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மரத்தில் வெடிப்பு பெரும்பாலும் மேல் துண்டில், சாவித் துளைகளை ஒட்டித்தான் வரும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முறையாகச் சரிசெய்த பழைய வெடிப்பு பெரிய குறையல்ல. ஆனால் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும்.

பிறகு கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு ஸ்வரமாக மெதுவாக ஊதி டியூனரில் பார்க்கட்டும். ஒன்றிரண்டு ஸ்வரங்கள் சற்று விலகினால் உதட்டால் சரிசெய்யலாம். வரிசையாகப் பல விலகினால் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் கூரியர் கட்டணத்தோடு சுங்க வரி, விற்பனை வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிளாரினெட் செய்யும் கிரெனடில்லா மரத்துக்கு 2017-இல் அனைத்துலக வாணிபக் கட்டுப்பாடு வந்தது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. எனவே அதற்காக இப்போது பயப்படத் தேவையில்லை. திருப்பி அனுப்பும் உரிமை உண்டா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு

மரக்கருவி புதிதானால் முதல் சில வாரங்கள் தினமும் 15, 20 நிமிடங்களுக்கு மேல் ஊத வேண்டாம். ஒவ்வொரு முறையும் உள்ளே துணிவிட்டுத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் பூட்டினால் நம் சீதோஷ்ணத்தில் கார்க்கிலும் பேடிலும் பூஞ்சை பிடிக்கும். இரண்டு கருவிகளையும் நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டு ஒன்றும் தேவைப்படும். மேடைக் குளிரில் சும்மா நிற்கும் ஏ கிளாரினெட் சுருதி இறங்கிவிடும். முறை வருவதற்குச் சற்று முன் எடுத்து, சத்தமில்லாமல் சூடான மூச்சை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும்.

கருவி இல்லை என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளை தேர்வுக்கே போகாமல் இருந்துவிடக் கூடாது. தேர்வுக்கு ஏ கிளாரினெட் கட்டாயமா, பி-பிளாட்டில் வாசிக்கலாமா, அங்கேயே இரவல் தருவார்களா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு நிதானமாகத் தேடி வாங்கிக்கொள்ளலாம்.