முப்பது நிமிஷத்துக்கு ஒரு பில்



நம் சபைக் குடும்பங்கள் பலவற்றில் வயதான பெற்றோர் அமெரிக்காவில் பிள்ளைகளோடு வசிக்கிறார்கள். நிரந்தர வசிப்புரிமை பெற்று, தொடர்ந்து 5 ஆண்டுகள் அங்கே இருந்து, 65 வயதும் நிறைந்தவர்கள் மெடிகேர் என்னும் அரசாங்க மருத்துவக் காப்பீட்டில் பணம் கட்டிச் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர்களில் சிலருக்கு, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத மாதத்துக்கும் ஒரு பில் வருகிறது. நர்ஸ் அம்மா இரண்டு மூன்று தரம் போனில் பேசியிருப்பார், அவ்வளவுதான். "பேசினதற்கும் பணமா?" என்பது அவர்கள் கேள்வி. "தர்ம ஆஸ்பத்திரிகளாவது இதை எல்லாருக்கும் தள்ளிவிடக் கூடாதா?" என்பது இன்னொரு கேள்வி. காணிக்கை கொடுக்கிறவர்களாகிய உங்களுக்கு இரண்டாவதுதான் நெருக்கமானது. ஆனாலும் முதலாவதற்குப் பதில் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

மெடிகேர் 1965-ல் சட்டமானது. மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்தால்தான் கட்டணம் என்பதே வெகுகாலம் பொதுவான வழக்கமாயிருந்தது. நேரில் பாராமல் செய்யும் கவனிப்புக்கு, இரண்டோ அதற்கு மேலோ நாள்பட்ட வியாதிகள் உள்ளவர்கள் விஷயத்தில் 2015 முதல் தனிக் கட்டணம் வந்தது. ஒரே ஒரு கடினமான வியாதி உள்ளவர்களுக்கு 2020-ல் வந்தது. அதற்கு பிரின்சிபல் கேர் மேனேஜ்மென்ட் என்று பெயர். 2022 முதல் 99424-லிருந்து 99427 வரையுள்ள எண்களில் இதற்குப் பில் போடுகிறார்கள். மருத்துவரே செய்தால் ஓர் எண், அவர் பொறுப்பில் நர்ஸ் போன்றவர்கள் செய்தால் வேறொரு எண். மற்ற இரண்டும் கூடுதல் நேரத்துக்கு.

எந்த வியாதிக்கும் இதைப் போட முடியாது. அது குறைந்தது 3 மாதமாவது நீடிக்கக் கூடியதாக இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலைக்கோ மரணத்துக்கோ கொண்டுபோகும் ஆபத்து உள்ளதாக இருக்கவேண்டும். பெரும்பாலும் மருந்தை அடிக்கடி மாற்றிப் பார்க்க வேண்டியதாகவும் இருக்கும். இருதயம் பலவீனப்பட்டு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோயாளி தினமும் காலையில் எடை பார்க்கவேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் சேருகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஒருவர் போனில் கேட்டு, மருத்துவரிடம் சொல்லி, நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டினால், மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு ஓடுவது பெரும்பாலும் தப்பும். மாத்திரையைக் கூட்டிய பின் உப்புச் சத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை பார்க்கவேண்டும். இவ்வளவும் வேலைதான். நோயாளியின் கண்ணுக்குத் தெரிகிறது போன் மணி மட்டுமே.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்குப் பில் போடும்போது பொய் நுழைவது எளிது. ஆகவே விதிகள் கடுமையானவை. ஒரு காலண்டர் மாதத்துக்குள் 30 நிமிஷம் நிறைவேறவேண்டும். உதாரணமாக, எடை கேட்க 10 நிமிஷம், பரிசோதனை முடிவைப் பார்க்க 7, மருந்துக் கடையோடு பேச 8 என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 25. அந்த மாதம் பில் கிடையாது. மீதி 5 நிமிஷத்தை அடுத்த மாதத்திலிருந்து கடன் வாங்கவும் கூடாது. இரண்டு நர்ஸுகள் ஒரே நேரத்தில் கலந்து பேசினால் அந்த நேரம் ஒருமுறைதான் எண்ணப்படும். முன்பதிவு எழுதும் குமாஸ்தாவின் நேரம் சேராது. என்னைப்போன்ற போதகர் ஒருவர் படுக்கையருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜெபித்தாலும் அதில் ஒரு நிமிஷமும் ஏறாது. ஏறாமலிருப்பதே எனக்குச் சந்தோஷம்.

அந்த ஒரு வியாதிக்கென்று சிகிச்சைத் திட்டம் கோப்பில் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னே நோயாளியின் சம்மதம் வேண்டும். உங்கள் பங்காகப் பணம் கட்ட நேரலாம், எந்த மாதமும் நிறுத்திக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லி, அவர் வாய்மொழியாகவோ எழுத்தாலோ சரியென்றதைக் குறித்துவைக்கவேண்டும். ஆகவே, பில்லைக் கண்டு திகைக்கும் பெற்றோர் முதலாவது கேட்கவேண்டியது, "நான் எப்போது சம்மதித்தேன், பதிவைக் காட்டுங்கள்" என்பதே. கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இனி இரண்டாவது கேள்வி. 2025-ல் ஆண்டின் முதல் 257 டாலரை நோயாளியே கட்டவேண்டியிருந்தது. அதற்குமேல் மெடிகேர் அனுமதிக்கும் தொகையில் 80 சதவீதத்தை மெடிகேரும் 20 சதவீதத்தை நோயாளியும் ஏற்கவேண்டும். அனுமதித்த தொகை 60 டாலர் என்று வைத்தால் நோயாளிக்கு 12. மாதாமாதம் வந்தால் வருஷத்துக்கு 144. ஒரு விதவைத் தாய்க்கு அது சின்னத் தொகை அல்ல. போன் வந்தால் பணம் போகும் என்று பயந்து, எடை ஏறியதைச் சொல்லாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. இதுதான் உண்மையான ஆபத்து.

அப்படியானால் எல்லாருக்கும் தள்ளிவிடலாமே? கூடாது என்கிறது அந்நாட்டுச் சட்டம். நோயாளியின் பங்கை வழக்கமாகத் தள்ளிவிடுவது, ஆட்களை இழுக்கக் கொடுக்கும் கையூட்டாக எண்ணப்படும். "உங்கள் பங்கு இலவசம்" என்று விளம்பரம் செய்வதும் தவறு. முதலில் கேட்கும்போது எனக்கும் இது கல்மனசாகவே பட்டது. ஆனால் நோயாளி ஒரு காசும் கட்டவில்லையென்றால் அந்தப் பில்லை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். நடக்காத 30 நிமிஷம் அரசாங்கக் கணக்கில் சத்தமில்லாமல் ஏறும். அரசாங்கத்துக்குப் பொய்ப் பில் கொடுப்பதைத் தண்டிக்கும் சட்டம் அங்கே 1863 முதல் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் சேனைக்கு மோசமான சரக்கு விற்றவர்களால் வந்தது அது. இன்றைக்கு அதன்படி நஷ்டத்தின் மூன்று மடங்கும் அதற்குமேல் அபராதமும் கட்ட நேரிடும். சகேயு நாலு மடங்கு என்றான். தவறாக வாங்கிய பணத்தை, கண்டறிந்த பின் 60 நாளுக்குள் திருப்பிவிடவேண்டும் என்பது 2010-ல் வந்த விதி.

வாசல் முழுவதும் அடைபட்டிருக்கவில்லை. ஒரு நோயாளியின் வருமானத்தையும் பாரத்தையும் தனியே விசாரித்து, இவரால் கட்ட முடியாது என்று நல்மனதோடு தீர்மானித்தால், அவருடைய பங்கைத் தள்ளலாம். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் யாருக்கு உதவி, எவ்வளவு என்பதை எழுத்தில் வைத்திருக்கவேண்டும் என்றும் சட்டமுண்டு. காணிக்கைப் பணத்தால் நடக்கும் தர்மச் சிகிச்சைக்கு இங்கே இடமிருக்கிறது. ஆனால் மொத்தமாக அல்ல, ஆள் ஆளாக, விசாரித்து எழுதிவைத்துச் செய்யவேண்டும். அந்த விசாரிப்புக்கு ஓர் ஊழியர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். தர்மப் பணம் மருந்துக்கே போகவேண்டும், மேஜைக்குப் போகக்கூடாது என்று நினைக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்கவேண்டுகிறேன்.

இன்னொன்றும் உங்கள் சொந்தங்களுக்குச் சொல்லுங்கள். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு, மெடிகேரில் தங்கள் பங்கைக் கட்டத் தேவையில்லாத ஓர் ஏற்பாடு உண்டு. அதற்கு மாநில அலுவலகத்தில் மனுக் கொடுக்கவேண்டும். அதில் சேர்ந்தவரிடம் மெடிகேர் சிகிச்சைக்கான 20 சதவீதத்தைக் கேட்டு ஆஸ்பத்திரி பில் அனுப்பவே கூடாது. தெரியாமல் அனுப்புகிறவர்களும் உண்டு, தெரியாமல் கட்டுகிறவர்களும் உண்டு. ஆகையால் பணம் கட்டுமுன், தன் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். துணைக் காப்பீடு எடுத்திருந்தால் அந்த அட்டையையும் பில் போடுகிறவரிடம் காட்டட்டும்.