களஞ்சியத் தூய்மையும் வட்டின் இடமும்

பலர் கூடிப் பல்லாண்டுகளாக எழுதும் மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பிழையின்றிக் காத்து வைப்பது பதிப்புக் களஞ்சியம் ஆகும். லினக்ஸ் வளர்ச்சிப் பணிக்கென லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு உருவாக்கிய 'கிட்' இன்று இத்துறையில் பெருவழக்குடையது.

ஒரு கோப்பினை நீக்கிவிட்டால் களஞ்சியம் இளைத்துவிடும் என எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. நேற்றைய நிலையை மீட்டுத் தருவதே அதன் கடமையாதலின், நீக்கிய கோப்பும் வரலாற்றினுள் வாழ்ந்துகொண்டேயிருக்கும். எழுத்துக் கோப்புகளாயின், ஒன்றற்கொன்று உள்ள வேறுபாட்டை மட்டும் பதிந்து 'பேக்' என்னும் பொதியுள் வெகுவாகச் சுருக்கலாம். ஒளிப்படமும் காணொளியும் முன்னரே சுருக்கப்பட்டவை. அவை இதற்கு இணங்குவது அரிது.

'கிட் ஜிசி' என்பது துப்புரவுக் கட்டளை. நிரம்பிய வட்டில் அதனை ஏவுவோர் விந்தையான தடையொன்றைச் சந்திப்பர். துப்புரவு செய்யவே இடம் வேண்டும்! புதிய பொதியை முழுமையாக எழுதி முடித்த பின்னரே பழைய பொதியை அக்கட்டளை அழிக்கும். 20 ஜிகாபைட் பொதிக்கு ஏறத்தாழ அதே அளவு வெற்றிடம் தேவைப்படக்கூடும். இடையில் இடம் தீர்ந்தால், அரைகுறையாக எழுதப்பட்ட தற்காலிகப் பொதிகள் எஞ்சி, இருந்த சிறிது இடத்தையும் விழுங்குவதுண்டு. வேறு கிட் பணி எதுவும் நடைபெறவில்லை என உறுதி செய்துகொண்டு அவற்றை நீக்கலாம். ஆனால், அருகிலுள்ள பழைய பொதியில் கைவைத்தல் ஆகாது. வேறு படி இல்லையேல், அவசரத்தில் அழிவது ஒரு குழுவின் பல்லாண்டு உழைப்பு.

புற வட்டொன்றை இரவல் பெற்றேனும், அதில் 'மிரர்' முறையில் படியெடுப்பதே தக்க வழி என்பது எம் கருத்து. 'நோ-லோக்கல்' என்னும் குறிப்பையும் சேர்த்தல் வேண்டும். இன்றேல் குப்பையும் உடன் வந்துசேரும். பின்னர், 'எஃப்எஸ்சிகே' கட்டளையால் படியைச் சோதித்து, பிறகே பழையதை அகற்றலாம். இன்னும் பதிவு செய்யாத மாற்றங்களும், 'ரெஃப்லாக்' குறிப்பால் மட்டும் மீட்கத்தக்க பழைய பதிவுகளும் இப்படியில் வாரா. அவற்றை முன்னரே தனியே எடுத்து வைத்தல் நன்று.

வரலாற்றினுள் புகுந்துவிட்ட பெருங்கோப்பை அடியோடு அகற்ற 'ஃபில்டர்-ரெப்போ' என்னும் கருவி உண்டு. ஒவ்வொரு பதிவின் அடையாளமும் அதற்கு முந்தைய பதிவின் அடையாளத்தையும் உட்கொண்டு கணிக்கப்படுவது. ஆகவே, ஓரிடத்தில் திருத்தினால் அதன்பின் வரும் அனைத்துப் பதிவுகளும் மாறும். குழுவினர் அனைவரும் புதிதாகப் படியெடுத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் தம் பழைய படியை இணைத்து அனுப்பினாலும், நீக்கிய கோப்பு மீண்டும் உள்ளே நுழைந்துவிடும்.