யாருடைய புகை?

எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "நாங்கள் விறகு எரிக்கிறதாலேயோ பிள்ளை, மழை இப்பிடிக் குழம்புது?" உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்தேன்.

இன்று உலகில் வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களில் ஏறத்தாழ 30 வீதம் சீனாவினுடையது. ஐக்கிய அமெரிக்காவின் பங்கு 11 வீதமளவில். ஆனால் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து இதுவரை சேர்ந்த காபனீரொட்சைட்டில் கால்வாசியளவு அமெரிக்காவினுடையது. அது நூற்றாண்டுக் கணக்கில் வானில் நிற்பதால் பழைய கணக்கையும் பார்க்கத்தான் வேண்டும். ஆள்வீதம் பார்த்தால் ஒரு அமெரிக்கருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 தொன், சீனருக்கு 8, எங்களுக்கோ 1 தொன் அளவில்.

அடுப்புப் புகை எங்கள் நெஞ்சுக்குத்தான் கேடு. அது வேறு கதை.

2022 இல் எகிப்தில் கூடிய நாடுகள் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் அமைக்க இணங்கியதையும் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப, வெள்ளத்தில அழுகின என்ர வெங்காயத்துக்கும் காசு வருமோ?" என்றார்.