மரப்பட்டறைக்கு மின்சாரம் முதலில், மெஷின் பிறகு

வீட்டின் பின்புறம் பத்துக்கு இருபது அடியில் தகரக் கொட்டகை போட்டு மரவேலை செய்ய நினைப்பவர்கள் பலரும் முதலில் மெஷினைத்தான் வாங்குகிறார்கள். பிறகு வீட்டு பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

2 எச்பி டேபிள் சா ஓடும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுக்கும்; கிளம்பும் நொடியில் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் திணறிச் சூடேறி, காயில் கருகும். மெயின் போர்டிலிருந்து கொட்டகைக்குத் தனி லைனும் தனி போர்டும் வேண்டும். இந்த அளவு மோட்டாருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், கிளம்பும் இழுப்பைத் தாங்கும் ‘சி’ வகை எம்சிபி, உயிர் காக்க 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. தூரம் அதிகமானால் ஒயர் இன்னும் தடிமனாக வேண்டும். உறை தேய்ந்த ஒயர் பட்டால் தகரக் கொட்டகை முழுவதும் ஷாக் அடிக்கும் என்பதால் தகரத்தையும் எர்த்தில் சேர்க்கச் சொல்லுங்கள். எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலை மெஷினின் உடம்பில் கட்டித்தர யாரையும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் மெஷினைத் தொட்டவருக்கு உயிராபத்து.

பலர் யோசிக்காதது கரண்ட் கட். பாதிப் பலகையில் ரம்பம் நிற்கிறது. சுவிட்சை அணைக்க மறந்து, சிக்கிய பலகையைக் கையால் எடுக்கப் போகிறோம். அந்த நேரம் கரண்ட் வந்தால் ரம்பம் தானாகச் சுழலும். இதைத் தடுக்கத்தான் நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர்: கரண்ட் போனால் விழுந்துவிடும், பச்சை பட்டனை அமுக்காமல் மறுபடி ஓடாது. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பது, விரல்களைக் காக்கும். எந்த மெஷினைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு முழு பிளைவுட் 8க்கு 4 அடி. ரம்பத்துக்கு முன்னும் பின்னும் எட்டடி காலியாக இருக்க வேண்டுமென்றால், கொட்டகையின் நீளவாக்கில், வெட்டிய பலகை கதவுப் பக்கம் போகும்படி டேபிள் சாவை வையுங்கள். பலகை எகிறித் திரும்பி வரும் நேர்கோட்டில் யாரும் நிற்கவோ நடக்கவோ வழி விடக்கூடாது. மினுக்கும் பழைய டியூப்லைட் ஒன்றை மட்டும் நம்பினால், சுழலும் ரம்பம் நிற்பதுபோலத் தோன்றும்; மினுக்காத எல்இடி போடுங்கள். கிரைண்டரை மரத்தூள் சேரும் மூலையில் வைக்காதீர்கள், ஒரு பொறி போதும். மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவுப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியிருக்கிறது. வாசலில் ஒரு மின்விசிறி இருந்தாலும் முகக்கவசம் தேவை.

இனி சட்டம். பொழுதுபோக்காகச் செய்வதற்கு வீட்டு இணைப்பு போதும். அனுமதிக்கப்பட்ட லோடைத் தாண்டினால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டில், மேசை செய்து விற்கத் தொடங்கினால் கட்டணப் பிரிவே மாறும். மாற்றாமல் ஓட்டினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில், உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு விதிக்கலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். குறுந்தொழிலுக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. அதை முன்கூட்டியே கேட்டு வாங்குவதே மலிவு.

அப்படி நோட்டீஸ் வந்தால் பயந்து உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். முதலில் வருவது தற்காலிக மதிப்பீடு மட்டுமே. ஆட்சேபணை எழுதித் தரவும் நேரில் விளக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இறுதி உத்தரவு வந்த 30 நாளுக்குள், தொகையில் பாதியைக் கட்டி 127ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். வோல்டேஜ் குறைவு, இணைப்பு தர இழுத்தடிப்பு போன்றவற்றுக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பயனில்லை என்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர்.