காப்பிக் கடை மட்டும் மிஞ்சியது

'பௌலிங்' என்றவுடன் நேயர்களில் பெரும்பாலோருக்குச் சேப்பாக்கம் மைதானந்தான் ஞாபகம் வரும். நமக்கும் அப்படித்தான் வந்தது. 2014-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் வசிக்கும் நமது தமக்கையின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். ஒரு நாள் மாலை அவளுடைய பிள்ளை வந்து, "மாமா, பௌலிங் ஆடப் போகலாம், வருகிறீர்களா?" என்று கேட்டான். ஓடி வந்து பந்து போட நம்மால் ஆகாதப்பா என்றோம். நமக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு அது ஐம்பதுக்குச் சமானம். பையன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நம்மைக் காரில் ஏற்றினான்.

நெடுந்தூரம் போனோம். அங்காடிகள் அடர்ந்த ஒரு பெரிய கட்டடத்துக்குள் அந்த ஆட்டம் நடந்தது. வழவழவென்று இழைத்த மரத்தளம் ஒன்று நீளமாகக் கிடக்கிறது. அதன் கோடியில், நாம் நிற்கும் கோட்டிலிருந்து 60 அடி தூரத்தில், குப்பி வடிவமான பத்து மரக் கட்டைகள் முக்கோணமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம். மூன்று விரல்களை நுழைக்கத் துவாரம் வைத்த கனமான பந்து ஒன்றை உருட்டிக் கட்டைகளை வீழ்த்த வேண்டும். பந்து 16 பவுண்டு வரையில் இருக்கலாம் என்று விதி. நாம் உருட்டிய பந்து இரண்டு கஜம் நேராகச் சென்றது; பிறகு என்ன நினைத்துக்கொண்டதோ, பக்கத்திலிருந்த ஓடையில் இறங்கி, ஒரு கட்டைக்கும் தீங்கு செய்யாமல் போய்ச் சேர்ந்தது. வர்ண விளக்குகளும் காதைத் துளைக்கும் சங்கீதமுமாக இருந்த அந்த இடத்தில் பக்கத்துப் பாதையில் ஆடியவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் நம்மைத் தெரியாது. ஆட்டம் முடிந்தது, பணம் கட்டினோம், வந்துவிட்டோம்.

"பேட்டையிலேயே இந்த மாதிரி இடம் ஒன்றும் இல்லையா?" என்று அன்றிரவு அத்தானிடம் கேட்டோம். அத்தான் அந்த ஊரில் நெடுங்காலமாக இருப்பவர். "இருந்தது. ஒரு காலத்தில் பேட்டைக்குப் பேட்டை இருந்தது. நாளைக்குக் காப்பி சாப்பிட ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன், பாருங்கள்" என்றார்.

மறுநாள் அவர் அழைத்துச் சென்ற இடம் க்ரென்ஷா வீதியில் இருந்தது. கூரை, காகிதத்தை விசிறியாக மடித்தாற்போல் ஏறி இறங்கி நின்றது. உள்ளே, உலகமெல்லாம் கிளைகள் வைத்திருக்கும் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடை. வெளியே வண்டிகள் நிறுத்தும் வெட்டவெளி. "இந்தக் காப்பிக் கடை வெறும் தாழ்வாரந்தான். வீடு அதோ அங்கே இருந்தது" என்று அத்தான் அந்த வெட்டவெளியைக் காட்டினார்.

அங்கிருந்த கூடத்தின் பெயர் ஹாலிடே பௌல். அதன் கதையை அத்தான் சொல்லக் கேட்டதும், பிற்பாடு நாமே தேடிப் படித்ததுமாகச் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலில் ஆட்டத்தின் பூர்வோத்தரம். ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்தபோது கட்டைகள் ஒன்பதுதான். 1841-இல் கனெக்டிகட் ராஜ்யத்தில் ஒன்பது கட்டை ஆட்டத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஒன்பதுதானே கூடாது என்று ஜனங்கள் பத்தாவது கட்டையைச் சேர்த்துக்கொண்டதாக ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ, கட்டுக்கதையோ, கேட்பதற்கு நன்றாயிருக்கிறது.

விழுந்த கட்டைகளை மறுபடி நிறுத்தியவர்கள் சிறுவர்கள். நம் வகுப்பில் பாடம் ஒப்பிக்க வேண்டிய வயதுப் பிள்ளைகள் பாதையின் கோடியில் ஒரு திட்டின்மேல் குந்தியிருந்து, பந்து வந்து மோதியதும் கீழே குதித்து, கட்டைகளை அடுக்கி, பந்தைத் திருப்பி உருட்டிவிட்டு, அடுத்த பந்து வருவதற்குள் மேலே தாவ வேண்டும். சற்றுத் தாமதித்தால் கால் முறியும். குழந்தைத் தொழிலாளர் நிலையை ஊர் ஊராகச் சென்று படம் பிடித்த லூயிஸ் ஹைன் என்பவர், 1910-ஆம் ஆண்டு வாக்கில் நள்ளிரவு நெருங்கும் வேளையில் இந்த வேலையில் இருந்த சிறுவர்களைப் படம் பிடித்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்த பிறகு, பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று எழுத நமக்குக் கை வரவில்லை. 1946-இல் பஃபலோ நகரில் கட்டை அடுக்கும் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். 1950-களில் அது எங்கும் பரவியது. சிறுவர்கள் விடுதலையானார்கள், கூடங்களை இரவு பகலாகத் திறந்து வைப்பதும் சாத்தியமாயிற்று.

லாஸ் ஏஞ்செல்ஸில் இதற்குக் கிடைத்த வரவேற்பைக் கேட்க வேண்டுமா! பேசும் படத்தின் சரித்திரத்தில் பேர்போன 'ஜாஸ் ஸிங்கர்' 1927-இல் தயாரான ஸன்ஸெட் வீதி ஸ்டூடியோவே பின்னாளில் 52 பாதைகள் கொண்ட பந்துருட்டும் கூடமாக மாறியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கூடங்களின் வாசல் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை. அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் என்ற சபை 1895-இல் நியூயார்க்கில் ஏற்பட்டது. கட்டையின் அளவு, பந்தின் எடை முதலியவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தியது இந்தச் சபைதான். அந்தச் சபையே 1916-இல், வெள்ளை இனத்து ஆடவரே அங்கத்தினராகலாம் என்று விதி செய்துவிட்டது. கறுப்பர், ஜப்பானியர், சீனர் ஒருவரும் அதன் பந்தயங்களில் கலந்துகொள்ள முடியாது. பந்துக்கோ கட்டைக்கோ இதைப் பற்றி ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை! கறுப்பர்கள் 1939-இல் டெட்ராய்ட் நகரில் தங்களுக்கென்று தேசிய நீக்ரோ பௌலிங் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். மோட்டார்த் தொழிலாளர் சங்கமும், கறுப்பர்களின் உரிமைச் சங்கமும், ஜப்பானிய வம்சத்தார் சங்கமும் விடாமல் போராடின, வழக்குகளும் தொடரப்பட்டன. 1950-இல்தான் அந்த விதி ஒழிந்தது.

இதற்கிடையில் ஜப்பானிய வம்சத்தாருக்கு நேர்ந்தது பெருங் கொடுமை. யுத்தத்தை முன்னிட்டு 1942 பிப்ரவரி 19-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவின் விளைவாக, மேற்குக் கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 பேரைக் குழந்தை குட்டிகளோடு பாலைவனத்து முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். கையில் சுமக்கக்கூடியதைத்தான் எடுத்துப் போகலாம். கடை, வீடு, தோட்டமெல்லாம் கிடைத்த விலைக்குப் போயின. யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். நல்ல பேட்டைகளில் இன்னின்ன இனத்தாருக்கு வீடு விற்கலாகாது என்று பத்திரங்களில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் அமுல் செய்யக்கூடாதென்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் க்ரென்ஷா பகுதியில் ஜப்பானிய வம்சத்தாரும் கறுப்பர்களும் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினார்கள்.

இந்தப் பேட்டையில்தான் 1958-இல் ஹாலிடே பௌல் திறக்கப்பட்டது. நிஸெய், அதாவது இரண்டாந் தலைமுறை ஜப்பானிய அமெரிக்கர் சிலர் முயற்சி எடுத்துத் தம் சமூகத்தாரிடையே பங்குகள் விற்றுப் பணம் திரட்டினார்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன் முகாமுக்கு அனுப்பப்பட்ட ஜனங்கள் 36 பாதைகளுடன் ஒரு கூடம் கட்டினார்கள். வந்தவர் யாராயினும் உள்ளே விட்டார்கள். தங்களை வாசலில் நிறுத்தியவர்களுக்கு அவர்கள் சொன்ன பதில் இது.

விமானத் தொழிற்சாலைகளில் நள்ளிரவில் வேலை முடித்தவர்கள் நேரே இங்கே வருவார்கள். கறுப்பர் கோஷ்டிகள், ஜப்பானியர் கோஷ்டிகள், கலந்த கோஷ்டிகள் எல்லாம் வாரத்தில் இன்ன கிழமை, இன்ன பாதை என்று முறை வைத்து ஆடின. காப்பிக் கடையில் கறுப்பர்கள் விரும்பும் சோளக் கஞ்சியும், ஜப்பானியரின் ஊடோன் என்ற கோதுமைச் சேவையும், சீனர் முறையில் வாட்டிய இறைச்சியும் ஒரே அடுப்படியிலிருந்து வந்தன. நம்மைப் போன்ற மரக்கறிக்காரர்கள் காப்பியோடு திருப்தியடைய வேண்டியதுதான்! 1965-இலும் 1992-இலும் அந்த நகரம் கலவரத்தீயில் வெந்தது. இரண்டையும் கடந்து ஹாலிடே பௌல் நடந்துகொண்டிருந்தது.

அத்தகைய இடம் ஏன் மூடப்பட்டது? அத்தானிடம் நாம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி அதுதான். ஒருவரைச் சுட்டிக் குற்றம் சொல்ல வழியில்லை. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இருந்த பகை தணிந்ததும், 1990-களில் தென் கலிபோர்னியாவின் விமானத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தன. பிள்ளைகள் படித்து வேறு ஊர்களுக்குப் போனார்கள். மனை விலை ஏறியது. ராபர்ட் புட்னம் என்ற பேராசிரியர் 1995-இல் ஒரு கட்டுரையில் விசித்திரமான கணக்கு ஒன்று கொடுத்தார். 1980-க்கும் 1993-க்கும் இடையில் அமெரிக்காவில் பந்து உருட்டுகிறவர்கள் தொகை நூற்றுக்கு 10 பங்கு அதிகமாயிற்று. ஆனால் கோஷ்டி சேர்ந்து ஆடுவது நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது. கோஷ்டியாக வருகிறவர்கள் தனியாக வருகிறவர்களைவிட மூன்று மடங்கு தின்று குடிக்கிறார்களாம். முதலாளியின் லாபம் அதில்தான். கூட்டாளிகள் கலைந்தால் கல்லாப் பெட்டியும் கலைந்துபோகும்.

ஹாலிடே பௌல் 2000-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதைக் காப்பாற்ற வேண்டுமென்று ஜப்பானிய வம்சத்தாரும், கறுப்பர்களும், கட்டடக் கலையில் பற்றுள்ளவர்களும் ஒன்றுசேர்ந்து மன்றாடினார்கள். காப்பிக் கடையின் கட்டடம் மட்டும் தப்பியது. பாதைகள் இருந்த கூடத்தை 2003-இல் இடித்துவிட்டார்கள்.

அதே காலத்தில் ஹாலிவுட் பக்கம் இருந்த ஸ்டார் லேன்ஸ் என்ற கூடமும் போயிற்று. 1998-இல் வெளிவந்த 'பிக் லெபவ்ஸ்கி' என்ற படத்தின் ஆட்டக் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டவை. அதை இடித்துவிட்டு என்ன கட்டினார்கள் தெரியுமா? ஆரம்பப் பள்ளிக்கூடம்! கடை கட்டியிருந்தால் வாய் நிறையத் திட்டியிருப்போம். பள்ளிக்கூடம் என்றதும் உபாத்தியாயராகிய நமக்கு வாயடைத்துப் போய்விட்டது.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜையிலிருந்த முதிய கறுப்பர் ஒருவர் எங்கள் பேச்சில் அந்தக் கூடத்தின் பெயர் அடிபடுவதைக் கேட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். விமானத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவராம். வியாழக்கிழமைதோறும் அவருடைய கோஷ்டி ஆடும். கோஷ்டியில் இருந்த ஜப்பானியத் தோட்டக்காரர் ஒருவர் காலமானபோது, அவர் வீட்டுச் சடங்கில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் இந்த வியாழக்கிழமைக் கூட்டாளிகள்தான் என்று சொன்னார். இப்போது எங்கே ஆடுகிறீர்கள் என்று அத்தான் விசாரித்தார். பந்து வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று சிரித்தார்.

எந்தப் பாதையில் ஆடுவது வழக்கம் என்று நாம் கேட்டோம். அவர் எழுந்து கண்ணாடிச் சுவர் அருகில் சென்றார். வலது கையைச் சற்றுப் பின்னுக்கு வீசி, இடது காலை ஓரடி முன் வைத்து நின்று, பிறகு விரலை நீட்டி, வெளியே நின்ற ஒரு சிவப்புக் காரைக் காட்டினார். அந்தக் காரின் பின் சக்கரம் இருக்கும் இடத்தில் கட்டைகள் நிற்குமாம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அம்மாள் காப்பிக் கோப்பையுடன் வந்து, காரைப் பின்னுக்கு எடுத்து ஓட்டிக்கொண்டு போனாள்.