கேட்க ஆள் இல்லையா? சொல்லும் விதத்தை மாற்றிப் பாருங்கள்!

என் நாத்தனார் அக்காள்மடத்தில் வாழ்க்கைப்பட்டவள். ராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே இருக்கும் கடலோர ஊர். அங்கே மகளிர் சுய உதவிக் குழு ஒன்றை நடத்தி வருகிறாள். "மதினி, எங்க பொம்பளையாளுகளுக்கு உடம்பைப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன். கூட்டத்துல வாசிக்கிறேன்" என்று ஒரு நாள் கேட்டாள்.

எனக்கு ஒரே பெருமை! இரத்த சோகையைப் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். 'மகளிர் நலனில் இரும்புச் சத்தின் பங்கு' என்று தலைப்பு வேறு!

பத்து நாள் கழித்துப் போனில், "எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தப்பா நினைச்சுக்காதீங்க மதினி. முதல் பக்கம் முடியறதுக்குள்ள பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிட்டாக. மிச்சப் பேரு பிள்ளைகளுக்குப் பேன் பாத்துக்கிட்டு இருந்தாக."

என் முகம் சுண்டிப் போயிற்று. நல்லதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று சலித்துக்கொண்டேன். அப்போதுதான் அவள் இன்னொரு விஷயம் சொன்னாள். குழுவில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைகளை அட்டை அட்டையாக அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாளாம். ஏன்? மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதோ என்று பயம்!

என் கட்டுரையில் ஹீமோகுளோபினுக்கு முழுசாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். அந்தப் பெண்ணுக்குத் தேவையான ஒரே ஒரு வரி அதில் இல்லை. குற்றம் கேட்டவர்கள் மேலா, எழுதிய என் மேலா? நீங்களே சொல்லுங்கள்!

பழைய தாள், புதிய பேச்சு

அடுத்த வாரம் நானே கிளம்பிப் போனேன். எழுதியதைக் கிழித்துப் போடவில்லை. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, எங்கே சறுக்கியது என்று பார்த்தோம்.

முதலில் நேரம். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்திருந்தாள். மீன் விற்கப் போகிறவர்கள், குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்கள், உலை வைக்கிறவர்கள் என்று யாருக்குமே அப்போது மனது ஓரிடத்தில் நிற்காது. சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்கு முன், மூன்று மணிக்கு மாற்றினோம்.

அடுத்தது தலைப்பு. 'மாத்திரை சாப்பிட்டா கறுப்பாப் போகுதே, பயமா?' என்று வைத்தோம். அவர்கள் வாயில் வரும் வார்த்தை அதுதானே!

மூன்றாவது நீளம். நான்கு பக்கத்தையும் நான்கு கூட்டங்களுக்குப் பிரித்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒரு விஷயம், பத்தே நிமிடம். மிச்ச நேரம் அவர்கள் பேச வேண்டும்.

வானொலி கற்றுத் தந்த பாடம்

இந்தக் கடைசி யோசனை என் சொந்தச் சரக்கு அல்ல. 1956-இல் யுனெஸ்கோ உதவியோடு அகில இந்திய வானொலி பூனா பக்கத்தில் ஒரு சோதனை நடத்தியது. 150 கிராமங்களில் குழுக்கள் அமைத்து, வாரம் இருமுறை ஒலிபரப்பைக் கேட்கச் செய்தார்கள். கேட்டதும் எழுந்து போய்விடக் கூடாது. கூடிப் பேச வேண்டும். சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதிப் போட்டால் பதில் வரும். 'கேளுங்கள், விவாதியுங்கள், செயல்படுங்கள்' என்பதுதான் அதன் மந்திரம். முடிவில் பார்த்தால், வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களை விட, கூடிப் பேசிய ஊர்களில்தான் விஷயம் அதிகமாகப் பதிந்திருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? அக்காள்மடத்துக்குப் பக்கத்துப் பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று 'கடல் ஓசை' 90.4 என்ற சமுதாய வானொலி தொடங்கியது. மீனவர்களுக்கென்றே வந்த நிலையம். காற்று எப்படி, கடல் எப்படி என்பது கடலோடியின் வீட்டில் உயிர்ப் பிரச்சினை. அதை அந்தக் கரையின் பேச்சிலேயே, மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளே சொன்னால் காது தானாகத் திரும்பாதா?

மூன்று மணிக் கூட்டம்

இந்த முறை நாத்தனார் தாளை எடுக்கவே இல்லை. "மாத்திரையை யாரெல்லாம் தூக்கிப் போட்டீக? உண்மையைச் சொல்லுங்க, நானும் போட்டவதான்!" என்று ஆரம்பித்தாள். ஒரே சிரிப்பு. ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள். "குமட்டுது" என்றாள் ஒருத்தி. "பிள்ளை கறுப்பாப் பிறக்கும்னு மாமியா சொன்னாக" என்றாள் இன்னொருத்தி. அதற்குப் பிறகு நாங்கள் சொன்னது இவ்வளவுதான்:

* இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போவது இயல்பு. பயம் வேண்டாம். பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை.

* குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிட்டுப் பாருங்கள். அப்படியும் சரிப்படவில்லையா? நர்சம்மாவிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

* டீ, காப்பியோடு சேர்த்து விழுங்கக் கூடாது. சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளி வையுங்கள்.

* எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். கீரைக்கும் இதுவே யுக்தி. மீனும் நல்லதே.

* கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்த சோகை. மாத்திரை தினம் ஒன்றாக 180 நாள்; பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்த சோகை. "இங்க இருபது பேரு இருக்கோம். அந்தக் கணக்குப்படி பாத்தா பத்துப் பேருக்கு மேல!" என்றாள் நாத்தனார். கசகசவென்ற பேச்சு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அரிசிப் பானைக்காரி அன்று வாயே திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு மெதுவாக வந்து, "அக்கா, விட்ட நாளுக்கும் சேத்து ரெண்டு ரெண்டாப் போடவா?" என்று கேட்டாள். "வேணாம்மா, நாளைக்கு ஒண்ணுதான். விட்டதை நர்சம்மாகிட்ட மறைக்காமச் சொல்லிரு" என்றாள் நாத்தனார். மறுநாள் இருவருமாகச் சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தார்கள்.

சகோதரிகளே! மாதர் சங்கத்திலோ, பிள்ளையின் பள்ளிக் கூட்டத்திலோ, ஏன், வீட்டுக்குள்ளேயோ, நீங்கள் சொன்ன நல்ல விஷயம் எடுபடாமல் போயிருக்கலாம். 'இவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை' என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். அதையே மறுபடி கையில் எடுங்கள். அவர்களுக்கு ஓய்வான நேரம் எது, அவர்கள் மனதில் இருக்கும் பயம் எது என்று முதலில் கேளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வரி அந்தப் பதிலிலேயே இருக்கும்.