டெலிப்ராம்ப்டர் உங்களைத் துரத்துதா? வேகத்தை செட் பண்ணுவது இப்படித்தான்!

ரெக்கார்டிங் தொடங்கியதும் வரிகள் ஓடும். நாமும் மூச்சுவாங்கப் பின்னாடியே ஓடுவோம். டிவி ஸ்டூடியோவில் நடப்பது நேர்மாறு. செய்தி வாசிப்பவர் நிறுத்தினால் ஆபரேட்டரும் வரிகளை நிறுத்துவார்.

தனியாக ஷூட் பண்ணும்போது என்ன செய்யலாம்?

ஸ்கிரிப்ட்டை ஒரு நிமிடம் இயல்பாக, சத்தமாகப் படியுங்கள். எத்தனை வார்த்தை வந்ததோ, அதுதான் உங்கள் வேகம்.

ஆங்கிலக் கணக்கு ஏன் உதவாது?

'ஃப்ரம் தி ஹவுஸ்' மூன்று வார்த்தை. தமிழில் 'வீட்டிலிருந்து' ஒன்றுதான். ஆங்கிலத்துக்கான எண்ணை அப்படியே வைத்தால் தமிழ் ஸ்கிரிப்ட் பறந்துவிடும்.

எழுத்தின் அளவை மாற்றினால், வேகத்தையும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். புளூடூத் ரிமோட்டோ கால் பெடலோ இருந்தால், நிறுத்த வேண்டிய இடத்தில் தைரியமாக நிறுத்தலாம். பேசுவது நீங்கள்; திரை காத்திருக்கட்டும்.